இலைப்பேனுக்குப் பெயர் தந்த பேராசிரியர்

(ஓசூர் வட்டார உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



ரோஜா, மிளகாய், தக்காளி ஆகிய பயிர்களில் இலைப்பேன் கட்டுப்பாடு பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எந்த மருந்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்ள உங்களில் பலர் காகிதமும் பேனாவுமாக அமர்ந்திருக்கிறீர்கள். தெளிப்பு பற்றியும் சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு விலங்கியல் பேராசிரியரின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் மருந்து விற்றவர் அல்லர். புதிய பயிர் இரகம் எதையும் வெளியிட்டவரும் அல்லர். ஆனாலும் நீங்கள் மருந்துக் கடையில் கொடுக்கும் பணம் பயன்படுமா, வீணாகுமா என்பதற்கு அவருடைய வாழ்நாள் உழைப்போடு நேரான தொடர்பு உண்டு.

ஒரே பெயர், இரண்டு எதிரிகள்

முதலில் ஒரு கேள்வி. மிளகாய்ச் செடியில் இலை சுருண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, படகுபோல் இருக்கிறதா? அல்லது கீழ்நோக்கிச் சுருண்டு, கவிழ்த்த படகுபோல் இருக்கிறதா? மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் அது இலைப்பேனின் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டு, இலைக்காம்பு நீண்டிருந்தால் அது மஞ்சள் சிலந்திப்பேனின் வேலை.

தமிழில் இரண்டையும் 'பேன்' என்றே அழைக்கிறோம். எல்லைக்கு அப்பால் ஆனேக்கல், மாலூர் பக்கத்தில் கன்னடத்தில் பேசும் உழவர்கள் இரண்டையும் 'நுசி' என்கிறார்கள். நம் வட்டாரத்தில் இரு மொழியும் புழங்குவதால் இரு பெயரும் கலந்தே வழங்குகின்றன. பெயரில் உறவு இருந்தாலும் பிறப்பில் உறவு இல்லை. இலைப்பேன் ஆறு கால்கள் உடைய பூச்சி. சிலந்திப்பேன் எட்டுக் கால்கள் உடையது. பூச்சி இனத்தில் சேராது. சிலந்திக்கும் உண்ணிக்கும் நெருங்கிய உறவு. பூச்சிகளைக் கொல்லும் மருந்துகள் பலவற்றுக்கு சிலந்திப்பேன் மசிவதில்லை. சில மருந்துகள், குறிப்பாக செயற்கைப் பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை, சிலந்திப்பேனைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்களை அழித்து, சிலந்திப்பேன் பெருகவே வழி செய்கின்றன.

ஆகவே 'பேன் விழுந்திருக்கிறது, மருந்து கொடுங்கள்' என்று கடையில் கேட்கும் உழவர், எதற்கு மருந்து என்று சொல்லாமலே மருந்து வாங்குகிறார். தவறான மருந்தாக அமைந்தால் பணமும் போகிறது, கூலியும் போகிறது, செடியும் தேறுவதில்லை. ஒரு வாரம் தாமதமானாலே ரோஜாவின் ஒரு வெட்டு முழுவதும் விலை போகாமல் நின்றுவிடும்.

இந்த 'எது எது' என்ற கேள்விக்கு விடை கண்டவர்களில் நம் நாட்டில் தலையாய ஒருவர்தான் நான் சொல்ல வந்த பேராசிரியர் டி. என். அனந்தகிருஷ்ணன்.

கோவையில் தொடங்கிய கதை

அவருக்கு முன்னால் இத்துறையில் உழைத்தவர்களையும் சொல்லவேண்டும். ரோஜா மொட்டைக் கருக்கி, மிளகாய் இலையைச் சுருட்டி, மாம்பிஞ்சின் தோலில் தழும்பை உண்டாக்கும் ஓர் இலைப்பேன் இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் ஸ்கிர்டோத்ரிப்ஸ் டார்சாலிஸ். கோவையில் ஆமணக்கிலும் மிளகாயிலும் எடுக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு, 1919-இல் அமெரிக்க அறிஞர் ஹூட் என்பவர் இதற்குப் பெயரிட்டார். நம் மண்ணின் பூச்சிக்குப் பெயர் வைக்க அன்று கடல் கடந்து போகவேண்டியிருந்தது.

அக்காலத்தில் கோவை வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றிய டி. வி. இராமகிருஷ்ண ஐயர் தென்னிந்திய இலைப்பேன்களைத் தேடித் திரட்டி எழுதலானார். தென்னிந்தியாவின் பயிர்ப் பூச்சிகள் பற்றி 1940-இல் அவர் வெளியிட்ட கையேடு, வேளாண்மை மாணவர்களுக்குப் பல்லாண்டு காலம் பாடநூலாக விளங்கியது. அவர் தொடங்கி வைத்த பணியைப் பன்மடங்கு பெருக்கியவர் அனந்தகிருஷ்ணன்.

கல்லூரி ஆசிரியரின் உழைப்பு

அனந்தகிருஷ்ணன் 1925 டிசம்பர் 15 அன்று பிறந்தார். விலங்கியல் பயின்று, சென்னை லயோலா கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராகப் பணியாற்றினார். வேளாண்மைக் கல்லூரியோ, பயிர்ப் பாதுகாப்புத் துறையோ அவர் பணியிடம் அன்று. தவளை, கரப்பான், மண்புழு என்று உடற்கூறு பயிலும் மாணவர்கள் நடுவே நின்ற கல்லூரி ஆசிரியர் அவர். ஆராய்ச்சிக்காக அவர் தேர்ந்தெடுத்ததோ, 1 அல்லது 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சி.

யானையைப் பற்றியோ புலியைப் பற்றியோ ஆராய்ந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அரிசிமணியில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சியை யார் பார்ப்பார்கள்? ஆனால் இப்பூச்சியை இனம் பிரிப்பது எளிதான செயல் அன்று. செடியின் கிளையை வெள்ளைத் துணியின் மேலோ தட்டின் மேலோ தட்டி, விழும் பூச்சியை ஈரத் தூரிகை நுனியால் எடுத்து, ஆல்கஹால் உள்ள குப்பியில் இடவேண்டும். பின்பு அதன் உடலைத் தெளிவாக்கி, சிறகையும் உணர்கொம்பையும் விரித்து, கண்ணாடிச் சில்லில் பதிக்கவேண்டும். நுண்ணோக்கியின் கீழ் உணர்கொம்பின் கணுக்களை எண்ணி, தலையிலும் மார்பிலும் உள்ள மயிர்களின் இடத்தையும் நீளத்தையும் அளந்து, முன்னால் பெயரிடப்பட்ட இனங்களோடு ஒப்பிடவேண்டும். நம் ஓசூர்க் கடிகாரத் தொழிற்சாலையில் நுண்ணிய பல்சக்கரங்களைப் பொருத்துவோரின் பொறுமையை நீங்கள் அறிவீர்கள். அதனினும் சிறிய உறுப்புகளோடு இவர் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தார்.

இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இனங்களை அவர் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1969-இல் இந்திய இலைப்பேன்களைப் பற்றிய அவருடைய தனிநூல் வெளிவந்தது. 1973-இல் இலைப்பேன்களின் வாழ்க்கையையும் கட்டுப்பாட்டையும் பற்றியும், 1984-இல் அவற்றின் சூழலியல் பற்றியும் நூல்கள் எழுதினார். 1970-களின் இறுதியில், கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் இயக்குநராகப் பொறுப்பு வகித்தார். நாட்டின் விலங்குகள் அனைத்தையும் பதிவு செய்யும் பெரிய நிறுவனம் அது. அப்பொறுப்புக்குப் பின் மீண்டும் சென்னைக்கே வந்தார். லயோலா கல்லூரியில் அவர் நிறுவிய பூச்சியியல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்கிவருகிறது. இந்திய தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்து சிறப்பித்தது. 2015 ஆகஸ்டு 7 அன்று தம் 89-ஆம் வயதில் அவர் காலமானார்.

எல்லா இலைப்பேனும் பகைவன் அன்று

பெயர் வைப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. அந்தப் பூச்சி எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது, ஏன் அந்தச் செடியை மட்டும் நாடுகிறது என்று தொடர்ந்து ஆராய்ந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் கண்டவற்றுள் உழவர்கள் அறியவேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன்.

உலகில் இதுவரை 6,000-க்கும் மேற்பட்ட இலைப்பேன் இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் மட்டும் 700-க்கும் மேல். இவற்றுள் பயிருக்குக் கேடு செய்பவை சுமார் 1 சதவீதமே. ஏறத்தாழப் பாதி இனங்கள் காய்ந்த மரப்பட்டை, உதிர்ந்த இலை, மக்கும் குப்பை ஆகியவற்றில் வளரும் பூசணத்தை உண்டு வாழ்பவை. காய்ந்த பனையோலையில் கூட்டமாக வாழும் இனமும் உண்டு. இத்தகைய இனங்களில் ஒரே தாயின் பிள்ளைகளே பெருத்த முன்காலோடும், மெலிந்த முன்காலோடும், சிறகோடும், சிறகின்றியும் காணப்படும். பார்த்தவுடன் வெவ்வேறு இனம் என்று தோன்றும். இத்தகைய உருவ வேறுபாடுகளை ஆராய்ந்து, வடிவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் ஏமாற நேரும் என்பதை அனந்தகிருஷ்ணன் எடுத்துக்காட்டினார்.

சில இனங்கள் செடியில் கழலைகளை உண்டாக்கி அதனுள் குடியிருக்கும். மிளகுக் கொடியின் இலை ஓரம் மடிந்து குழல்போல் ஆவது அப்படிப்பட்ட ஓர் இலைப்பேனால்தான். நம் மேட்டுநிலங்களில் நிற்கும் வெள்வேல மரத்தின் கணுக்களில் ரோஜாப்பூ வடிவில் கழலை தோன்றுவதும் இன்னோர் இனத்தால். 1989-இல் வெளியான ஒரு நூல் முழுவதிலும் அவர் தம் மாணவர் ஒருவரோடு சேர்ந்து இக்கழலைகளைப் பற்றியே எழுதியுள்ளார். வேறு சில இலைப்பேன்கள் சிலந்திப்பேனைப் பிடித்துத் தின்பவை. அவை நம் பக்கத்துப் படைவீரர்கள்.

எனவே எருக்குழியில் கறுப்பாக, சற்று நீளமாக ஓடும் இலைப்பேனைக் கண்டு அஞ்சி மருந்து அடிக்கவேண்டியதில்லை. அது உங்கள் ரோஜாவுக்கு வராது. வெள்வேலக் கழலையில் இருப்பது மிளகாய்க்கு வராது. ஆனால் மிளகாயில் இருக்கும் ஸ்கிர்டோத்ரிப்ஸ் டார்சாலிஸ் ரோஜாவுக்கு வரும். மாந்தோப்பின் இளந்துளிருக்கும் வரும். வரப்பில் நிற்கும் ஆமணக்குக்கும் வரும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்நான்கும் அருகருகே நிற்பதைக் காண்கிறோம். இனம் தெரிந்தால்தான், எந்தச் செடியிலிருந்து எந்தச் செடிக்குப் பூச்சி வருகிறது என்ற வழி தெரியும். வழி தெரிந்தால்தான் அடைக்க முடியும்.

மருந்து ஏன் தோற்கிறது?

பயிரைத் தாக்கும் இலைப்பேனின் வாழ்க்கையைப் பாருங்கள். தாய்ப்பூச்சி அரம் போன்ற உறுப்பால் இலையைக் கீறி, திசுவுக்குள் முட்டையை வைக்கிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு இரண்டு பருவங்களில் சாற்றை உறிஞ்சி வளர்கிறது. பின்பு பெரும்பாலானவை செடியைவிட்டு மண்ணுக்கோ சருகுக்கோ இறங்கி, உணவின்றி இரண்டு கூட்டுப்புழுப் பருவங்களைக் கழித்து, சிறகு முளைத்து மேலே வருகின்றன. வெப்பமான காலத்தில் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

இதன் வாயிலும் ஒரு வியப்பு உண்டு. மற்றப் பூச்சிகளுக்கு இரண்டு தாடைகள். இதற்கு இடப்பக்கத் தாடை ஒன்றுதான் வளர்ந்திருக்கும். அந்த ஒற்றை ஊசியால் மேல்தோலைக் குத்தி, அத்துளை வழியே வேறு இரண்டு நுண்குழல்களைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. சாறிழந்த அணுக்களில் காற்று புகுவதால்தான் இலையில் வெள்ளிபோல் மின்னும் தழும்பு தோன்றுகிறது.

இப்பொழுது கணக்குப் போடுங்கள். நீங்கள் தெளிக்கும் நாளில் முட்டை இலைக்குள் இருக்கிறது, மருந்து எட்டாது. கூட்டுப்புழு மண்ணில் இருக்கிறது, மருந்து எட்டாது. வளர்ந்த பூச்சியும் குஞ்சும் ரோஜா மொட்டின் மூடிய இதழ்களுக்குள் இருந்தால் அங்கும் எட்டாது. வெளியில் இருப்பவை மட்டுமே சாகின்றன. சில நாட்களில் மற்றவை வெளிவந்ததும் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று அளவைக் கூட்டி மீண்டும் தெளிக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. பல இலைப்பேன் இனங்களில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது. அதற்குத் தாயின் பண்பு மட்டுமே உண்டு. மருந்தைத் தாங்கும் பண்பு தாயிடமிருந்து ஆண்பிள்ளைக்கு வந்தால், மறைந்து கிடக்காமல் அப்படியே வெளிப்படும். அத்தகைய ஆண்கள் பிழைத்து இனத்தைப் பெருக்கும். ஆகவே ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பது, அம்மருந்துக்கு அஞ்சாத கூட்டத்தை நாமே வளர்ப்பதாகும்.

தக்காளியும் தரிசுமனையும்

ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகும் உழவர்களுக்கு நுனிக்கருகல் நோய் தெரிந்திருக்கும். நுனிக்குருத்து வெண்கல நிறமாகிக் கருகும். காயில் வளையம் வளையமாகக் கறை தோன்றும். நிலக்கடலையின் மொட்டுக் கருகலுக்குக் காரணமான அதே நச்சுயிரிதான் இதற்கும் காரணம். இதைப் பரப்புவது திரிப்ஸ் பால்மி என்னும் இலைப்பேன். குஞ்சுப் பருவத்தில் நோயுற்ற செடியை உறிஞ்சியது மட்டுமே நச்சுயிரியை ஏற்கும். வளர்ந்து சிறகு முளைத்தபின் ஆயுள் முழுவதும் பரப்பும். சிறகு முளைத்தபின் நோய்ச்செடியை உறிஞ்சுவதால் அது நோய் பரப்புவதில்லை. இதை அறிந்தால் ஒன்று விளங்கும்: நோயுற்ற செடியை உடனே பிடுங்கினால், அதன்மேல் வளரவிருந்த அடுத்த தலைமுறையையும் சேர்த்துத் தடுத்தவர்களாகிறோம்.

மற்றொரு நச்சுயிரி வேறு வழியில் வருகிறது. 1997-இல் நமக்கு அண்டையிலுள்ள கோலார்ப் பகுதியின் பாகேபள்ளியில் சூரியகாந்தி கருகும் புதுநோய் காணப்பட்டது. 2000-இல் ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் நிலக்கடலை சுமார் 2,25,000 எக்டரில் தண்டுக் கருகலால் பாதிக்கப்பட்டு, 300 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு ஏற்பட்டது. புகையிலைக் கீற்று நச்சுயிரியே காரணம். பார்த்தீனியம் செடி தான் நோயின் அறிகுறி எதையும் காட்டாமல் இந்த நச்சுயிரியைச் சுமக்கிறது. அதன் மகரந்தம் பயிரின் இலைமேல் விழுகிறது. இலைப்பேன் உடலில் ஒட்டிக்கொண்டும் வருகிறது. இலைப்பேன் இலையைக் குத்தும்போது அந்தக் காயத்தின் வழியே நச்சுயிரி உள்ளே புகுகிறது.

ஓசூரைச் சுற்றி இதைத் தனியே சொல்லக் காரணம் உண்டு. தொழிற்பேட்டைகளை ஒட்டி மதில் போட்டு விடப்பட்ட நிலங்களிலும், விற்பனைக்காகப் பிரித்துப் போட்ட மனைகளிலும் உழவு நின்றுவிட்டது. உழவு நின்ற இடத்தில் மழை பெய்தவுடன் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்கிறது. அடுத்த வயலில் அரை ஏக்கரில் சாமந்தியும் நிலக்கடலையும் போட்டிருப்பவர், தம் நிலத்தை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் காற்று மதிலைப் பார்த்து நிற்பதில்லை. இதைத் தனி ஒருவரால் தீர்க்க முடியாது. ஊராட்சியும் உழவர் குழுவும் சேர்ந்து, அச்செடி பூப்பதற்கு முன் அகற்ற ஏற்பாடு செய்யவேண்டும். பிடுங்குவோர் கையுறை அணிந்துகொள்க. தோல் ஒவ்வாமை ஏற்படும். பார்த்தீனியத்தின் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டு இப்பகுதிகளிலும் பரவியுள்ளது. வெளிர்மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடுகள் உடைய அவ்வண்டைக் கண்டால் கொல்லவேண்டாம்.

புதிதாக வந்த பகைவன்

பெயர் அறிவதன் பயன் அண்மையில் மீண்டும் தெளிவாயிற்று. 2015-இல் பெங்களூரில் பப்பாளிச் செடியிலிருந்து எடுத்த ஓர் இலைப்பேன், இந்தியாவில் அதுவரை பதிவாகாத திரிப்ஸ் பார்விஸ்பைனஸ் என்று கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர்கள், முன்பு அனந்தகிருஷ்ணன் இயக்குநராக இருந்த அதே இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள். உருவத்தோடு மரபணுவையும் ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். அவர் வாழ்ந்த கடைசி ஆண்டும் அதுவே.

2021-22 பருவத்தில் இந்தப் பூச்சி ஆந்திரா, தெலங்கானா மாநிலங்களின் மிளகாய் வயல்களில் பெருகியது. கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் காணப்பட்டது. நமக்குப் பழக்கமான இலைப்பேன் பெரும்பாலும் தளிரிலும் இலையடியிலும் இருக்கும், மஞ்சளாக இருக்கும். இது பூவுக்குள் கூட்டமாக இருக்கும்; பெண்பூச்சி கருமை படர்ந்த பழுப்பு நிறம். பூ உதிர்ந்து காய்ப்பு நின்றது. பழைய பழக்கத்தில் இலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள், பூவைப் பிரித்துப் பார்க்காததால் ஏமாந்தார்கள். செலவு தாங்காமல் பயிரையே அழித்தவர்களும் உண்டு. இது பழைய இலைப்பேன் அன்று, வேறு என்று சொல்லும் ஆட்கள் நாட்டில் இருந்ததால்தான் ஆராய்ச்சி நிலையங்கள் வேறு வழி காட்ட முடிந்தது.

நம் பூச்சியும் வெளிநாடு சென்றிருக்கிறது. கோவையில் எடுத்த மாதிரியால் பெயர் பெற்ற ஸ்கிர்டோத்ரிப்ஸ் டார்சாலிஸ் 2005-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நிலைகொண்டது. அங்குள்ள ரோஜா வளர்ப்போரும் மிளகாய் வளர்ப்போரும் நம் நாட்டு அறிஞர்கள் எழுதியவற்றைத் தேடிப் படிக்கும் நிலை வந்தது.

நீங்கள் செய்யவேண்டியவை

1. தட்டிப் பாருங்கள். வாரம் இருமுறை, காலை நேரத்தில், தோட்டத்தின் ஐந்தாறு இடங்களில் தளிரையும் பூவையும் வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள். மெலிந்து நீண்டு விரைந்து ஓடுவது இலைப்பேன். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று குழுவுக்கு ஒன்றாவது வாங்கி வையுங்கள். இலையடியில் நூலாம்படையும் உருண்டையான நுண்ணுயிர்களும் தெரிந்தால் அது செம்பேன்.

2. நீலநிற ஒட்டுப்பொறி ஏக்கருக்கு 5 வீதம், பயிரின் நுனிக்குச் சற்று மேலே வையுங்கள். பூச்சி வரத் தொடங்கியதை அது முன்னறிவிக்கும். பொறி மட்டுமே பூச்சியை ஒழித்துவிடும் என்று எண்ணவேண்டாம்.

3. மிளகாய், தக்காளி நாற்றுகளை வலைக்குள் வளர்த்து நடுங்கள். வயலைச் சுற்றி மக்காச்சோளம் அல்லது சோளம் இரண்டு வரிசை, நடவுக்கு முன்பே விதையுங்கள். மிளகாயில் இடையிடையே அகத்தி நடுவது நல்லது. மிளகாயோடு வெங்காயத்தைக் கலந்து பயிரிடவேண்டாம்.

4. தக்காளியில் நுனிக்கருகல் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி, மூடிய பையில் இட்டு அப்புறப்படுத்துங்கள். வரப்பில் போடுவது பூச்சியைப் பக்கத்துச் செடிக்கு அனுப்புவதாகும்.

5. ரோஜாவில் கருகிய மொட்டுகளையும் கவாத்துக் கழிவுகளையும் பாத்தியில் விடாதீர்கள். மண்ணில் உள்ள கூட்டுப்புழுவைக் கலைக்க மேல்மண்ணை அவ்வப்போது லேசாகக் கிளறுங்கள். அடியுரத்தோடு வேப்பம் புண்ணாக்கு இடுங்கள்.

6. தாக்குதல் தொடங்கும்போது வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தெளியுங்கள். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவேண்டும்.

7. இரசாயன மருந்து தேவைப்பட்டால், பயிரின் பெயரும் பூச்சியின் பெயரும் மேலுறையில் அச்சிட்டுள்ளதா என்று பாருங்கள். அதில் கண்ட அளவைக் கூட்டாதீர்கள். ஒரே வகை மருந்தை அடுத்தடுத்துத் தெளிக்காதீர்கள். பூக்குள் மறைந்திருக்கும் ஓரியஸ் என்னும் சிறு நாவாய்ப்பூச்சி இலைப்பேனைக் குத்தி உறிஞ்சித் தின்னும். பேராசிரியரின் ஆய்வுக்குழு இதையும் ஆராய்ந்துள்ளது. தேவையற்ற தெளிப்பு முதலில் கொல்வது இதைத்தான்.

8. அடையாளம் தெரியாத பூச்சியை, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பியில் இட்டு, ஊர், பயிர், செடியின் எந்தப் பாகம், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டோடு பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுங்கள். மருந்து வாங்குவதற்கு முன் கொடுக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

பிள்ளைகளின் படிப்பு பற்றி ஒரு சொல்

இப்பகுதியில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'என் மகள் விலங்கியல் படிக்கவேண்டும் என்கிறாள். டிப்ளமா படித்தால் அடுத்த மாதமே ஓசூர்க் கம்பெனியில் வேலை. பூச்சியையும் புழுவையும் படித்து என்ன பயன்?' என்கிறார்கள். குடும்பத்தின் நிலையை அறிந்தே கேட்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. தொழிற்சாலை வேலையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. நம் வட்டாரத்தில் பல வீடுகளில் அந்தச் சம்பளம்தான் ஆழ்குழாய்க் கிணற்றின் தவணையைக் கட்டுகிறது.

ஆனால் அனந்தகிருஷ்ணன் ஆராய்ச்சியைத் தொடங்கிய காலத்திலும் இந்தக் கேள்விக்கு எவரும் நேரான விடை சொல்லியிருக்க முடியாது. பனையோலைப் பூச்சியின் முன்காலை அளப்பதால் யாருக்கு என்ன இலாபம்? உடனே இலாபம் ஒன்றும் இல்லைதான். அந்த அளவுகளையும் பட்டியல்களையும் அவரும் அவரைப் போன்றோரும் விட்டுச் சென்றிராவிட்டால், 2015-இல் பெங்களூரில் கிடைத்த பூச்சி நம் நாட்டிற்குப் புதியது என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. பழையவை அனைத்தையும் அறிந்தால்தான் புதியது எது என்று தெரியும்.

இன்று இலைப்பேனை நுண்ணோக்கியில் பார்த்து இனம் சொல்லக்கூடியவர்கள் நாட்டில் மிகச் சிலரே. எல்லைச் சோதனைச் சாவடி பூச்சிக்குக் கிடையாது. பெங்களூர்ச் சந்தைக்குப் போகும் பூக்கூடையிலும், அங்கிருந்து திரும்பும் வெற்றுக் கூடையிலும், வெளியிலிருந்து வாங்கும் நாற்றிலும் அது வரும். அடுத்த புதிய பூச்சி வரும்போது அதைப் பார்த்துப் பெயர் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் ஊர் மேல்நிலைப்பள்ளியில் இப்பொழுது படித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளை பூச்சியைக் குப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். கைலென்ஸை எடுத்துக் கொடுங்கள்.

உழவர் பெருமக்களே! இன்று மாலை தோட்டத்துக்குப் போனதும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ரோஜாத் தளிரின் அடியில் பிடித்து இருமுறை தட்டிப் பாருங்கள். விழுவது எது என்று தெரிந்துகொண்டு, பின்பு மருந்துக் கடைக்குச் செல்லலாமா என்று முடிவு செய்யுங்கள். இலைகளையும் பூக்களையும் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் மேசையருகே வாருங்கள். நுண்ணோக்கி வைத்திருக்கிறோம், சேர்ந்தே பார்க்கலாம்.